படம் ஏன் இப்படி வருகிறது? டெல்டா மொட்டை மாடியில் நெபுலாவும் கேலக்ஸியும் எடுப்பவர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் வீட்டு மாடியிலிருந்து ஆழ்வானப் படம் (தொலைவில் மங்கலாகக் கிடக்கும் நெபுலா, கேலக்ஸிகளின் படம்) எடுப்பவர்களுக்கு வரும் கோளாறுகளை, படத்தில் என்ன தெரிகிறது என்பதை வைத்துக் கீழே பிரித்திருக்கிறேன். இந்தக் கலைக்குக் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை நாற்பது, ஐம்பது டிகிரி அட்சரேகையில், குளிர் நாட்டில் இருப்பவர்கள் எழுதியவை. அங்கே துருவ நட்சத்திரம் பாதி வானத்தில் நிற்கும். கேமரா தானே குளிர்ந்துகொள்ளும். நமக்குத் துருவம் தென்னை மட்டைக்குப் பின்னால் கிடக்கிறது, தை மாசியில் காற்று முழுக்க ஈரம், மே மாதத்தில் நள்ளிரவிலும் வேர்க்கிறது. அவர்கள் சொல்லும் வரிசையில் தேடினால் நம் கோளாறு சீக்கிரம் அகப்படாது. பலர் அந்தக் குழப்பத்தில்தான் தேவையில்லாத சாமான் வாங்குகிறார்கள்.

ஒரே பொருளைப் பல முறை எடுத்து, மென்பொருளில் ஒன்றாகச் சேர்த்து முடித்த படத்தை வைத்துக் கோளாறு தேட வேண்டாம். சேர்க்கும்போது பாதித் தடயம் அழிந்துவிடும். அன்றிரவு எடுத்த ரா கோப்புகளில் (கேமரா திருத்தாமல் பதிந்த மூலப் படங்களில்) முதலில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று எடுத்து, நூறு சதவீதம் பெரிதாக்கி, நடுப்பகுதியையும் நான்கு மூலைகளையும் பாருங்கள். முதல் படம் நன்றாக இருந்து கடைசிப் படம் கெட்டிருந்தால் பெரும்பாலும் பனி, ஃபோகஸ், பேட்டரி இந்த மூன்றில் ஒன்று. எல்லாமே ஒரே மாதிரி கெட்டிருந்தால் துருவச் சீரமைப்பு (வானத்தோடு கேமராவைத் திருப்பும் கருவியின் அச்சை வானத் துருவத்துக்கு நேராக வைப்பது) அல்லது கண்ணாடி சம்பந்தப்பட்டது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கெட்டிருந்தால் காற்று, மாடியில் நடமாட்டம், எங்கேயோ மாட்டி இழுக்கும் கேபிள்.

நட்சத்திரம் புள்ளியாக இல்லை, கோடாக இழுபடுகிறது

டிராக்கர் (வானத்தோடு கேமராவைத் திருப்பும் கருவி) இல்லாமல் வெறும் முக்காலியில் எடுத்தால் கோடு விழுவது கோளாறே அல்ல, எக்ஸ்போஷர் அதிகம், அவ்வளவுதான். வானம் வினாடிக்கு 15 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியில் 3600ல் ஒரு பங்குதான் ஓர் ஆர்க் செகண்ட்) நகர்கிறது. 500ஐக் குவியத் தூரத்தாலும், சென்சார் சிறியது என்பதற்காக 1.5ஆலும் வகுக்கும் பழைய கணக்குப்படி ஏபிஎஸ்-சி (சின்ன சென்சார்) கேமராவில் 50 மி.மீ. லென்ஸுக்கு ஆறரை வினாடி வரும். இன்றைய 24 மெகாபிக்சல் சென்சாருக்கு அது ரொம்பத் தாராளம். 500க்குப் பதில் 300 போட்டு 4 வினாடியோடு நிறுத்துங்கள். நம் ஊரில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். வான நடுக்கோடு கிட்டத்தட்ட நம் தலைக்கு மேலேயே போகிறது, நட்சத்திர ஓட்டம் அங்கேதான் வேகம். ஓரியனில் கோடு விழும் அதே எக்ஸ்போஷரில் ஆண்ட்ரோமீடா கேலக்ஸி தப்பித்துவிடலாம்.

டிராக்கரோ, தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்டோ இருந்தும் இழுபட்டால் ஒரு சோதனை இருக்கிறது. டிராக்கரை நிறுத்திவிட்டு 10 வினாடிக்கு ஒரு படம் எடுங்கள். அதில் விழும் கோடுதான் கிழக்கு மேற்குத் திசை. கேமராவைத் திருப்பாமல் டிராக்கரை ஓடவிட்டு 2 நிமிடப் படம் ஒன்று எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது படத்தின் கோடு முதல் படத்தின் கோட்டுத் திசையிலேயே இருந்தால், குற்றம் டிராக்கர் ஓடும் வேகத்தில். முதலில் சுவிட்சைப் பாருங்கள். நிலா வேகத்தில் இருக்கலாம், அல்லது வடகோளம் தென்கோளம் மாறியிருக்கலாம். தென்கோளத்தில் கிடந்தால் கோடு இரண்டு மடங்கு நீளமாக விழும், உடனே தெரிந்துவிடும். சுவிட்ச் சரி என்றால் பல்சக்கரத்தின் இயல்பான ஏற்ற இறக்கம். சாதாரண மவுண்டுகளில் இது எட்டு முதல் பத்து நிமிடத்துக்கு ஒரு சுற்று வரும், அதனால் நாலைந்து படம் நன்றாகவும் அடுத்த இரண்டு இழுபட்டும் மாறி மாறி வரும். எடையைக் கிழக்குப் பக்கம் ஒரு பொடி கனமாக வைத்தால் பற்கள் ஒட்டி ஓடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஆட்டோகைடர் (ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து மவுண்டைத் திருத்திக்கொண்டே இருக்கும் தனிக் கேமரா), இல்லையென்றால் எக்ஸ்போஷரைப் பாதியாக்கிவிட்டுக் கெட்ட படங்களைக் கழித்துவிடலாம். எனக்குக் கேட்டால் 200 மி.மீ. வரை கைடர் வாங்கவே வேண்டாம்.

கோடு குறுக்கே, அதாவது வடக்கு தெற்காக விழுந்தால் துருவச் சீரமைப்புச் சரியில்லை. எவ்வளவு பிசகு எவ்வளவு கெடுக்கும் என்பதற்குக் கணக்கு உண்டு. அச்சு துருவத்திலிருந்து 1 டிகிரி விலகியிருந்தால் நட்சத்திரம் நிமிடத்துக்கு அதிகபட்சம் 16 ஆர்க் செகண்ட் நழுவும். பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து 206ஆல் பெருக்கி, குவியத் தூரத்தால் வகுத்தால் ஒரு பிக்சலுக்கு எத்தனை ஆர்க் செகண்ட் என்று வரும். 4.3 மைக்ரான் பிக்சல், 200 மி.மீ. லென்ஸ் என்றால் 4.4. ஆக நிமிடத்துக்கு மூன்றரை பிக்சல் நழுவல், 2 நிமிடத்துக்கு ஏழு. துருவ நட்சத்திரத்தைக் குறுக்குக் கோட்டின் நடுவில் நிறுத்திவிட்டு 'சீரமைத்தாயிற்று' என்று நினைப்பவர்களும் இதில் மாட்டுவார்கள். அந்த நட்சத்திரமே உண்மைத் துருவத்திலிருந்து 0.6 டிகிரிக்குச் சற்று மேல் தள்ளி இருக்கிறது.

நமக்குப் பெரிய தொல்லை, அந்த நட்சத்திரமே தெரியாதது. டெல்டா முழுக்க அட்சரேகை பதினொன்றை ஒட்டித்தான். கையை நீட்டி மடக்கிய முஷ்டியின் அகலம் சுமார் 10 டிகிரி. அடிவானத்துக்கு மேல் அவ்வளவு உயரத்தில்தான் துருவ நட்சத்திரம். கைப்பிடிச் சுவர், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, தோப்பு, எதுவும் இல்லாவிட்டால் ஈரப் புகைமூட்டம், ஏதாவது ஒன்று மறைத்துவிடும். அதனால் துருவ நட்சத்திரம் தேவைப்படாத வழிகளுக்குப் பழகிக்கொள்ளுங்கள். மடிக்கணினியும் மோட்டார் மவுண்டும் இருந்தால் நினா மென்பொருளில் மூன்று புள்ளிச் சீரமைப்பு இருக்கிறது. வானத்தின் எந்தப் பகுதியிலும் மூன்று படம் எடுத்து, நட்சத்திர அமைப்பை அடையாளம் கண்டு, அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று அதுவே சொல்லும்.

அது இல்லாதவர்களுக்கு நழுவல் முறை. முதலில் தெற்கு வடக்குக் கோட்டில், உச்சிக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கும் நட்சத்திரம் ஒன்று. அது தெற்கே நழுவினால் மவுண்டின் அச்சு கிழக்கே சாய்ந்திருக்கிறது, வடக்கே நழுவினால் மேற்கே. அதைத் திருத்திய பிறகு கிழக்கே இருபது முப்பது டிகிரி உயரத்தில், வான நடுக்கோட்டை ஒட்டி இன்னொன்று. அது தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே என்றால் உயர்ந்திருக்கிறது. பொறுமையாகச் செய்தால் அரை மணி நேரம் ஆகும்.

அந்த அரை மணியைக் குறைக்க, பகலிலேயே மாடியில் வடக்குக் கோடு போட்டுவிடுங்கள். காந்த ஊசியை நம்ப வேண்டாம். நம் பக்கம் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் ஒன்றிரண்டு டிகிரிதான் வித்தியாசம் என்றாலும், தளத்துக்குள் ஓடும் கம்பி ஊசியை அதைவிட அதிகமாக இழுத்துவிடும். கொத்தனாரின் தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு, சூரியன் உச்சிக்கோட்டைக் கடக்கும் நேரத்தில் விழும் நிழலைப் பெயின்டால் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் 12 மணி அல்ல. பிப்ரவரி நடுவில் நம் ஊர்களில் 12.25ஐ ஒட்டி வரும். அன்றைய நேரத்தை ஸ்டெல்லேரியம் என்ற வானச் செயலி சொல்லும். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் நிழல் நீளமாக வடக்கே விழும், அதுதான் கோடு போடத் தோதான காலம். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுவதால் நூலுக்கு நிழலே இருக்காது.

அட்சரேகை குறைவாக இருப்பதில் இன்னொரு சங்கடமும் உண்டு. சில மவுண்டுகள் 15, 20 டிகிரிக்குக் கீழே இறங்காது. வாங்கும் முன்பே அட்டவணையில் பாருங்கள். இறங்கினாலும் கவுண்டர்வெயிட் (எதிரெடை) தண்டு கிட்டத்தட்ட நேர் கீழே தொங்கி முக்காலிக் காலில் போய் முட்டும். படம் நன்றாக வந்துகொண்டிருந்து ஒரு நேரத்துக்குப் பிறகு எல்லாம் நீளக் கோடாக மாறினால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள். முக்காலிக்கு மேல் அரையடி, ஓரடி உயரத்துக்கு ஒரு குழாய்த் துண்டு வைத்தால் தீரும். லேத் பட்டறையில் செய்துகொடுப்பார்கள்.

கோடுகள் எல்லாம் ஒரு மையத்தைச் சுற்றி வளைந்தால் அது புலச் சுழற்சி. மேலும் கீழும், பக்கவாட்டிலும் நகரும் ஆல்ட்-ஆஸ் வகையிலும், அந்த நிலையில் வைத்த சீஸ்டார் போன்ற சின்னத் தானியங்கித் தொலைநோக்கிகளிலும் இது வரும். நம் அட்சரேகையில் சுழற்சி மற்ற இடங்களைவிட வேகம். பொருள் நேர் கிழக்கிலோ நேர் மேற்கிலோ இருக்கும்போது கிட்டத்தட்ட இருக்காது, உச்சிக்கு அருகே படுமோசம். ஓரியன் நெபுலா நமக்கு 70 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். ஆகவே உச்சிக்கு வருமுன், கிழக்கே இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

கோணல்மாணலாக, புழு நெளிந்த மாதிரி கோடு என்றால் அதிர்வு. முக்காலியைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ பீமோ ஓடும் இடத்துக்கு மேல் வையுங்கள். படம் ஓடும்போது மாடியில் நடக்கக் கூடாது. ஆடிக் காற்றுக் காலத்தில் பனி படியாமல் லென்ஸின் முன் மாட்டும் பனிக்கூண்டுக் குழாயே பாய்மரமாகிவிடும், அந்த இரவுகளில் சின்ன லென்ஸோடு திருப்தி அடையுங்கள்.

ராத்திரி ஏற ஏறப் படம் மங்குகிறது

எட்டு மணிக்கு எடுத்த படத்தில் நட்சத்திரம் ஊசிமுனை, பதினொரு மணிப் படத்தில் ஒவ்வொன்றைச் சுற்றியும் பால் வட்டம், சின்ன நட்சத்திரங்களைக் காணோம். தை, மாசியில் டெல்டாவில் இது தினசரிக் கதை. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள், நாம் உட்கார்ந்திருப்பது மச்சுக்கு மேல். வானம் தெளிவாக இருக்கும் காலமும் அதுதான் என்பதால் தப்பிக்கவும் முடியாது.

பனியா, ஃபோகஸ் நகர்வா, மெல்லிய மேகமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஃபோகஸ் நகர்ந்தால் நட்சத்திரம் விளிம்பு உள்ள தட்டாக விரியும், பனி என்றால் விளிம்பில்லாமல் பரவும். மேகம் என்றால் மங்கிய படத்துக்குப் பிறகு மறுபடி நல்ல படம் வரும். பனி தானாகத் திரும்பாது, படிப்படியாக மோசமாகிக்கொண்டே போகும். சந்தேகமாக இருந்தால் சிவப்பு டார்ச்சை லென்ஸின் பக்கவாட்டில் சாய்த்துக் காட்டுங்கள். முன்கண்ணாடி மூச்சு விட்ட மாதிரி மங்கியிருந்தால் முடிந்தது கதை.

கண்ணாடி திறந்த வானத்தைப் பார்த்துக்கொண்டு வெப்பத்தை இழப்பதால் சுற்றுக் காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது, காற்று ஏற்கெனவே ஈரத்தில் நிரம்பியிருப்பதால் அங்கே படிகிறது. ஆகவே செய்ய வேண்டியவை இரண்டு: வானத்தைக் கொஞ்சம் மறைப்பது, கண்ணாடியைக் கொஞ்சம் சூடாக வைப்பது. மறைப்புக்கு யோகா பாயை வெட்டி, கண்ணாடி விட்டத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு நீளத்துக்குக் குழாயாகச் சுற்றினால் போதும், உள்பக்கம் மட்டும் மங்கிய கறுப்பாக இருக்க வேண்டும். அகலக் கோண லென்ஸில் அதன் விளிம்பு படத்துக்குள் வரும், நீளத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். நம் ஊருக்குக் குழாய் மட்டும் போதாது, யூஎஸ்பி ஹீட்டர் பட்டை ஒன்று அவசியம். காற்றைவிட இரண்டு மூன்று டிகிரி சூடு போதும். பனி படிந்த பிறகு பட்டையைப் போட்டால் காய்வதற்கு நெடுநேரம் ஆகும், அதனால் முதல் படத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள். நியூட்டோனியன் தொலைநோக்கியில் பெரிய கண்ணாடி அடியில் பத்திரமாக இருக்கும், முதலில் மாட்டுவது மேலே இருக்கும் சின்னக் கண்ணாடி.

படிந்துவிட்டால் துணியால் துடைக்காதீர்கள். அறுவடைக் காலத்தில் காற்றில் வைக்கோல் தூசி, நாகப்பட்டினம் வேதாரண்யம் பக்கம் உப்பு. ஈரத்தோடு சேர்த்துத் தேய்த்தால் பூச்சு கீறிவிடும். ஹேர் டிரையரை மிதமான சூட்டில், தள்ளிப் பிடித்துக் காட்டுங்கள்.

மே மாதத்தில் வேறு மாதிரி நடக்கும். ஏசி அறையிலிருந்து கேமராவை எடுத்துக்கொண்டு நேராக மாடிக்குப் போனால் முதல் படத்திலேயே மூட்டம். பையைத் திறக்காமல் ஒரு மணி நேரம் கூடத்தில் வைத்துவிட்டு மேலே கொண்டுபோங்கள். மழைக்காலம் முழுக்கச் சாமானை மூடி வைக்கும்போது லென்ஸுக்குள் பூஞ்சை கிளம்பும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போடுங்கள், நிறம் மாறினால் வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்து மறுபடி போடலாம். அரிசி டப்பாவுக்குள் வைக்கும் கைவைத்தியம் வேண்டவே வேண்டாம். தவிட்டுத் தூள்தான் லென்ஸில் ஏறும்.

நட்சத்திரம் உருண்டை, ஆனால் பருமன்

லென்ஸில் போட்டிருக்கும் முடிவிலிக் குறி நட்சத்திரத்துக்குச் செல்லாது. பளிச்சென்ற நட்சத்திரம் ஒன்றை லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கி, மிகச் சின்னதாக வரும்வரை திருகி, டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். பாட்டினோவ் முகமூடி (லென்ஸின் முன் மாட்டும், கோடு கோடாக வெட்டிய தட்டு) இருந்தால் ஊகமே வேண்டாம், நடுக்கோடு எக்ஸ் வடிவத்தின் மையத்தில் உட்கார வேண்டும். பகல் முழுக்கச் சூடேறிய மொட்டை மாடி பத்துப் பதினொரு மணி வரை அனல் விடும், அதற்குள் ஃபோகஸ் நகர்ந்துவிடும். அதனால் அந்த நேரத்தில் இன்னொரு தடவை பாருங்கள். நட்சத்திரத்தைச் சுற்றி ஊதா வட்டம் மட்டும் இருந்தால் அது லென்ஸின் நிறப்பிழை, அப்பர்ச்சரை எஃப்/2.8லிருந்து எஃப்/4க்குக் குறைத்தால் பெருமளவு போய்விடும்.

தெற்கே தாழ்வாக இருப்பதைத் தொலைநோக்கியில் எடுக்கும்போது நட்சத்திரத்தின் மேல் விளிம்பு நீலமாகவும் கீழ் விளிம்பு சிவப்பாகவும் வந்தால் கருவியைக் குறை சொல்லாதீர்கள். காற்று முப்பட்டகமாக வேலை செய்கிறது. ஈட்டா கரினா நெபுலா நமக்கு அதிகபட்சம் 19 டிகிரிதான் ஏறும். ஐரோப்பாக்காரர்கள் வீட்டிலிருந்து பார்க்கவே முடியாத அது நமக்கு ஏப்ரல் நடுவில் இரவு ஒன்பது மணிக்கே தெற்கில் நிற்கிறது, இந்தச் சின்ன நிறப்பிசகைப் பொறுத்துக்கொள்ளலாம். சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகப் பிரித்து ஒன்றின் மேல் ஒன்று பொருத்தினால் சரியாகும்.

வானம் வெளுத்துப்போகிறது, நெபுலா அதற்குள் மூழ்கிவிடுகிறது

ஹிஸ்டோகிராமின் (கேமரா காட்டும் ஒளி அளவு வரைபடத்தின்) மேடு இடப்பக்கத்திலிருந்து கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருக்க வேண்டும். பாதியைத் தாண்டினால் எக்ஸ்போஷரைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டுங்கள். நாலு மடங்கு படம் எடுத்தால் இரைச்சல் பாதியாகும், இதற்குக் குறுக்குவழி இல்லை.

அடுத்து நிலா. இதற்குச் செயலியே வேண்டாம், சமையலறைச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் போதும். தேய்பிறை அஷ்டமியில் நிலா நள்ளிரவை ஒட்டித்தான் உதிக்கும், அன்று முதல் அமாவாசை தாண்டி மூன்று நாள் வரை முன்னிரவு உங்களுடையது.

வெளுப்பு ஒரு பக்கமாக மட்டும் இருந்தால் கேமராவை 90 டிகிரி திருப்பி இன்னொரு படம் எடுங்கள். வெளுப்பு வானத்தில் அதே திசையிலேயே இருந்தால் ஊர் வெளிச்சம், அல்லது பக்கத்து விளக்கு லென்ஸில் அடிக்கிறது. படத்தின் அதே மூலையோடு சேர்ந்து சுற்றினால் கேமராவுக்குள் வெளிச்சம் கசிகிறது. டிஎஸ்எல்ஆரில் கண் வைத்துப் பார்க்கும் துளையை மூடாமல் விடுவதுதான் வழக்கமான காரணம், கறுப்பு டேப் போடுங்கள்.

தெருவிளக்கு நேராக அடித்தால் மாடிக் கொடிக்கயிற்றில் கறுப்புப் போர்வை தொங்கவிடுங்கள், கூச்சம் வேண்டாம். கோபுரத்துக்கு ஃபோகஸ் விளக்கு போட்ட ஊர்களில் அது எத்தனை மணிக்கு அணைகிறது என்று பார்த்து அதற்குப் பிறகு ஆரம்பிக்கலாம். திருவிழா நாளில் சீரியல் செட்டோடு போட்டி போடாதீர்கள்.

ஃபில்டர் விஷயத்தில்தான் காசு வீணாகிறது. பழைய மஞ்சள் சோடியம் விளக்குக் காலத்தில் ஒளிமாசு ஃபில்டர்கள் நன்றாக வேலை செய்தன, ஏனென்றால் அந்த விளக்கு சில அலைநீளங்களில் மட்டுமே ஒளிர்ந்தது. இப்போது தெருவெல்லாம் வெள்ளை எல்இடி, அது எல்லா நிறத்திலும் பரவுகிறது. இரட்டை நாரோபேண்ட் ஃபில்டர் ஹைட்ரஜனின் 656 நானோமீட்டரையும் ஆக்சிஜனின் 501 நானோமீட்டரையும் ஒட்டிய ஒளியை மட்டும் விடும். ரோசெட், லகூன், ஈட்டா கரினா போன்ற ஒளி உமிழும் நெபுலாக்களுக்கு அது அற்புதம். கேலக்ஸிக்கும், கார்த்திகைக் கூட்டத்தைச் சுற்றியுள்ள நீல நெபுலாவுக்கும் பயன்படாது, இருக்கும் ஒளியையும் வெட்டிவிடும். கேலக்ஸிக்கு ஒரே மருந்து இருட்டான இடம். உறவினர் வீட்டு வயல்வெளி, கடலோர ஊர், எது தோதோ அது.

சாய்வான வெளுப்பை மென்பொருளில் எடுக்கலாம். கிராக்ஸ்பெர்ட் மென்பொருள் இலவசம், படங்களைச் சேர்த்துத் திருத்தும் சிரில் மென்பொருளிலும் இந்த வசதி உண்டு. படத்தைப் பிரகாசமாக்கும் முன் செய்ய வேண்டும், பின்னால் செய்தால் கறையாக நிற்கும்.

ஓரியன் நெபுலா வருகிறது, ஆனால் சிவப்பே இல்லை

சாதாரண கேமராவின் சென்சாருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி 656 நானோமீட்டர் சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. அதை எடுத்து மாற்றிக்கொடுக்கிறார்கள், ஆனால் அவசரம் இல்லை. ஆண்ட்ரோமீடா, ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து, சென்டாரஸ் ஏ கேலக்ஸி, கார்த்திகை இவற்றுக்கெல்லாம் மாற்றாத கேமராவே போதும். முதல் ஆண்டை இவற்றோடு ஓட்டலாம்.

வண்ணப் பொட்டுகளும் மழைச் சாரல் போன்ற சாய்ந்த கீறல்களும்

சென்சாரில் வெப்பத்தால் சேரும் பொய்ச் சமிக்ஞை சுமார் 6 டிகிரிக்கு ஒரு முறை இரட்டிக்கிறது. 10 டிகிரிக் குளிரில் எடுப்பவரோடு ஒப்பிட்டால் 28 டிகிரி மே மாத இரவில் நமக்கு எட்டு மடங்கு. அவர்கள் 'டார்க் (இந்தப் பொட்டுகளைக் கழிக்க மூடி போட்டு எடுக்கும் இருட்டுப் படம்) தேவையில்லை' என்று சொல்வது அவர்களுக்குப் பொருந்தும், நமக்கு இல்லை. மூடியைப் போட்டு அதே ஐஎஸ்ஓ, அதே எக்ஸ்போஷரில், அதே இரவின் கடைசியில் மாடியிலேயே இருபது டார்க் எடுங்கள். மறுநாள் ஏசி அறையில் எடுத்தால் வெப்பநிலை பொருந்தாது.

சாய்ந்த கீறல்கள் டார்க்கால் போகாது. டிராக்கிங் மெல்ல நழுவும்போது பொட்டுகள் ஒவ்வொரு படத்திலும் ஒரே திசையில் தள்ளிப்போவதால் வருபவை அவை. சில படங்களுக்கு ஒரு முறை கேமராவைப் பல பிக்சல் தூரம் ஒழுங்கில்லாமல் நகர்த்த வேண்டும், இதுதான் டிதரிங். கைடர் இருந்தால், படம் எடுக்கும் மென்பொருள் சொல்லச் சொல்ல, கைடரை ஓட்டும் பிஎச்டி 2 மென்பொருள் இதைச் செய்யும். இல்லையென்றால் பத்துப் படத்துக்கு ஒரு தரம் கையாலேயே திருகுங்கள்.

குளிரூட்டும் கேமரா வைத்திருப்பவர்கள் மைனஸ் 20 என்று எங்கோ படித்து அதையே வைக்கிறார்கள். பெரும்பாலான கேமராக்கள் காற்றைவிட 35 டிகிரிதான் இறக்கும். 30 டிகிரி இரவில் அது மைனஸ் 5, அதுவும் முழு மூச்சில் ஓடி. 0 டிகிரியில் வையுங்கள், நிலையாக நிற்கும், டார்க்கும் பொருந்தும். படத்தின் நடுவில் மெல்ல வளரும் மங்கல் வட்டம் தெரிந்தால் சென்சார் அறைக்குள் ஈரம் புகுந்துவிட்டது, உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் வில்லைகளை மாற்ற வேண்டும்.

மூலைகள் இருட்டு, நடுவில் ஓட்டை விட்ட உளுந்து வடை போல வளையங்கள்

தூசியும் லென்ஸின் இயல்பான மூலை மங்கலும். ஃப்ளாட் (சீரான வெளிச்சத்தை மட்டும் எடுக்கும் படம்) எடுத்தால் இரண்டும் போகும். துவைத்த வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்துச் சுருக்கமில்லாமல் முன்பக்கம் இழுத்து ரப்பர் பேண்ட் போட்டு, விடியற்கால வானத்தை நோக்கி, ஹிஸ்டோகிராம் நடுவில் வருமாறு இருபது படம். ஃபோகஸையும் கேமராவின் திருப்பத்தையும் தொடக் கூடாது, அதே அப்பர்ச்சர். நம் அட்சரேகையில் விடியல் சட்டென்று ஏறிவிடும், தயாராக இருங்கள். வேட்டியில் சரிகைக் கரை படத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூலையில் மட்டும் நட்சத்திரம் நீண்டால், தொலைநோக்கியில் கரெக்டருக்கும் (மூலைகளைச் சரிசெய்யும் கண்ணாடிக்கும்) சென்சாருக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து பாருங்கள், பெரும்பாலானவற்றுக்கு 55 மி.மீ. ஒரு மூலை மட்டும் கெட்டால் எங்கேயோ சாய்ந்திருக்கிறது. கேமரா லென்ஸ் என்றால் அப்பர்ச்சரை ஒரு ஸ்டாப் குறையுங்கள், அவ்வளவுதான்.

மவுண்ட் நடுவில் நிற்கிறது, கேமரா துண்டிக்கப்படுகிறது

மின்சாரம். யுபிஎஸ்ஸில் வரும் 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் மவுண்ட், ஹீட்டர், குளிரூட்டும் கேமரா எல்லாம் மாட்டினால் இரண்டு மணி நேரம்கூட ஓடாது. வேகமாகத் திரும்பும்போது மவுண்ட் மறுபடி தொடங்கினால் மின்னழுத்தம் 11 வோல்ட்டுக்குக் கீழே போகிறது. கம்பி மெலிதாகவும் நீளமாகவும் இருந்தாலும் இதே கதி, மல்டிமீட்டரை மவுண்ட் முனையில் வைத்துப் பாருங்கள், பேட்டரி முனையில் அல்ல. வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து மாடிக்கு ஒரு பாயின்ட் இழுத்துவிடுவது நல்லது. ஆனால் மின்சாரம் போய் இன்வெர்ட்டர் ஏற்கும் அந்தக் கணத்தில் யூஎஸ்பி ஹப் செத்துப் பிழைக்கும், கேமரா காணாமல் போகும். ஹப்புக்கு மட்டுமாவது தனிச் சின்ன பேட்டரி வையுங்கள்.

குறுவை, சம்பாப் பயிர்க் காலத்தில் மடிக்கணினி வெளிச்சத்துக்குத் தத்துப்பூச்சியும் புகையானும் மொய்க்கும். விசைப்பலகை போனால் போகட்டும், குழாய்க்குள் போய் விழாமல் இருக்க, திரையைச் சிவப்பாக்கித் தூரமாக வையுங்கள்.

சேர்க்கும் மென்பொருள் அடம் பிடிக்கிறது

டீப்ஸ்கைஸ்டாக்கர் 'ஒரு படம் மட்டுமே சேர்க்கப்படும்' என்று சொன்னால் அதற்குப் போதுமான நட்சத்திரங்கள் அகப்படவில்லை. கண்டறியும் வரம்பைக் குறையுங்கள். ஆயிரக்கணக்கில் காட்டினால் இரைச்சலை நட்சத்திரமாக எண்ணுகிறது, வரம்பைக் கூட்டுங்கள். அப்படியும் வராவிட்டால் படங்களிலேயே ஃபோகஸ் போயிருக்கும், மேலே ஃபோகஸ் பற்றிச் சொன்ன பகுதியைப் பாருங்கள்.

சேர்த்து முடித்த படம் கறுப்பாக வந்தால் ஒன்றும் கெடவில்லை, ஒளி அளவுகள் இன்னும் இழுக்கப்படாமல் இருக்கின்றன. சிரிலில் காட்சி முறையைத் தானியங்கிக்கு மாற்றினால் நெபுலா வெளியே வரும். பச்சையாக இருந்தால் நிறச் சீரமைப்பு இன்னும் செய்யவில்லை. செயற்கைக்கோள் கோடு விழுந்த படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். பதினைந்து இருபது படங்கள் இருந்து சிக்மா கிளிப்பிங் (மற்றப் படங்களோடு ஒத்துப்போகாத பிக்சலைத் தள்ளிவிடும் முறை) வைத்தால் கோடு தானே காணாமல் போய்விடும்.